மூக்கை நிறுக்கும் ஆல்டா

வீதியில் குப்புறப் படுத்திருக்கிறார் ஆல்டா. ஒரு கன்னம் செங்கல் பாவிய தரையில் ஒட்டியிருக்கிறது. கண்ணுக்கு நேரே, குளியலறையில் இருக்கவேண்டிய எடை மெஷின். அதன்மேல் ஒரு முழ நீளத் துடைப்பக் கட்டை செங்குத்தாக நிற்கிறது. கட்டையின் தலையில் கேரவனின் மூக்கு உட்கார்ந்திருக்கிறது.

"அறுபது" என்று தரையிலிருந்து குரல் வருகிறது. "இல்ல, அறுபத்தி ரெண்டு. ஏன் ஏறுது? ஹார்ம், நீ உள்ள இருக்கியா?"

"சும்மாதான் உக்காந்திருக்கேன்" என்கிறார் அவருடைய கணவர் ஹார்ம், கேரவனுக்குள்ளிருந்து.

"எறங்கு! உன்னையும் சேத்து நிறுத்தா நான் என்னன்னு கணக்கு வைக்கிறது?"

ஹார்ம் இறங்குகிறார். முள் அறுபதில் நிற்கிறது. ஆல்டா எழுந்து, கன்னத்தில் பதிந்த மணலைத் துடைத்துக்கொண்டு, வீதியில் யார் யார் பார்த்தார்கள் என்று ஒரு சுற்று பார்க்கிறார். எல்லோரும்தான் பார்த்தோம். ஜூலை வந்தால் எங்கள் தெருவில் வேறு வேலை கிடையாது.

காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற சக்கர வீடுகளான இந்தக் கேரவன்கள், குளிர்காலம் முழுக்க ஊருக்கு வெளியே குடியானவர்களின் கொட்டகைகளில் தூங்கும். விடுமுறை நெருங்கினால் ஒவ்வொன்றாக வீதிக்கு வந்து வாசலில் நிற்கும். மூன்று நாளைக்குமேல் நிறுத்தினால் நகராட்சிக்காரர் வந்து கேட்பார். அந்த மூன்று நாளில் தட்டுமுட்டுச் சாமான், மடக்கு நாற்காலி, சைக்கிள், நாய் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஆளாளுக்குத் தெற்கே கிளம்பிவிடுவார்கள். அத்தனை பேரும் கிளம்புமுன் ஆல்டாவிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். கேட்காவிட்டாலும் அவர் வந்து சொல்லிவிடுவார். கூப்பிடாமலே வந்து, மண்டியிட்டு, அடுத்தவர் கேரவனுக்கு அடியில் தலையை விட்டு, "சங்கிலிய எங்க மாட்டியிருக்கே? இது என்ன, பூ வைக்கிற எடமா?" என்று கேட்கிற பெண்மணியை எப்படித் தவிர்ப்பது? ஒரு வருடம் எங்கள் பாதிரியாருடைய கேரவனின் டயரை உதைத்துப் பார்த்து, "காத்து இல்ல. சாமி இழுத்துக்கிட்டுப் போவாருன்னு பாக்குறீங்களா?" என்று கேட்டவர்.

அவருடைய சித்தாந்தம் முழுக்க மூக்கைப் பற்றியது. கேரவனின் முன்பக்கம் நீண்டிருக்கும் இரும்பு மூக்கு, காரின் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் இரும்புக் குண்டின்மேல் உட்காருகிறது அல்லவா, அது எவ்வளவு கனமாக உட்காருகிறது என்பதுதான் உலகத்தின் தலையாய கேள்வி. "மூக்கு கனமா இருந்தா கார் வாலக் குத்தவச்சு உக்காந்துக்கும். லேசா இருந்தா கேரவன் வால ஆட்டும். உக்காந்தா மெக்கானிக் வருவான். ஆட்டினா ஆம்புலன்ஸ் வரும்" என்பார். கனமான சாமானெல்லாம் நடுவில், சக்கரத்துக்கு நேர் மேலே, தரையோடு தரையாக. அலமாரியில் துணி மட்டும். பின்பக்கம் தலையணையைத் தவிர வேறெதையும் கண்டால் அவருக்கு ஆகாது.

புதன், சனிகளில் சந்தையில் ஆல்டாவுக்குச் சீஸ் கடை. வண்டிச் சக்கரம் மாதிரி மஞ்சள் வட்டங்கள் அடுக்கியிருக்க, இரண்டு கைப்பிடி வைத்த கத்தியால் எம்பி எம்பி அறுப்பார். அரைக் கிலோ கேட்டால் அரைக் கிலோ தருகிற வழக்கம் மட்டும் கிடையாது. தராசில் வைத்துவிட்டு முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "கொஞ்சம் கூடப் போச்சு, பரவாயில்லையா?" என்பார். இந்த நாட்டில் எந்தச் சீஸ் கடையிலும் கேட்கிற கேள்விதான் அது. பரவாயில்லை என்று சொல்லாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. அதே ஆல்டா கேரவனை ஏற்றுகிறபோது பெரும் கருமி ஆகிவிடுவார். ஆளுக்கு ஒரு கோப்பை. ஆளுக்கு ஒரு கம்பளிச் சட்டை. ஹார்மின் செஸ் பலகை மரத்தில் இருந்தது; அட்டைப் பலகையாக மாறிவிட்டது.

ஹார்மும் ஆல்டாவும் வருடா வருடம் ஆதிகாலச் சண்டை ஒன்று போடுவார்கள். உருளைக்கிழங்குச் சண்டை.

"பிரெஞ்சுக்காரன் கிழங்கு வேகாது, ஆல்டா. வெந்தாலும் சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். மாவு மாவா உதிர வேண்டாமா?"

"கிழங்கு தின்னவா அவ்ளோ தூரம் போறே? ரொட்டி தின்னு. ஒரு மூட்டைக் கிழங்கு என்ன எடைன்னு தெரியுமா?"

"தெரியும். எங்க அம்மா கொண்டுவருவா."

"உங்க அம்மாவுக்குக் கேரவன் இல்ல, சைக்கிள் இருந்துச்சு."

சண்டை அதோடு முடிந்துவிடும். கிழங்கு ஏறாது.

ஹார்ம், படகுகளுக்கு வழிவிடக் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்குகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. முப்பது வருடத்துக்கும் மேலாகக் கேரவனை ஓட்டியது அவர்தான். ஆல்டாவின் இடம் பின்னால். வண்டியைப் பின்னோக்கி வாசலுக்குள் விடுகிறபோது கையை வீசி வீசி வழிகாட்டுவார். விமானத்தை இறக்குகிறாரோ என்று தோன்றும். இரண்டு கையும் மேலே போனால் நில். தலையில் அடித்துக்கொண்டால் மறுபடி முதலிலிருந்து. கேரவன் பின்னோக்கிப் போவதைப் பார்ப்பது எங்கள் தெருவுக்குத் திருவிழா மாதிரி. காபிக் கோப்பையோடு எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவோம்.

இந்த வசந்தத்தில் கண் டாக்டர் ஹார்மிடம் இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரம் மட்டும் தெரிகிறது. எதையாவது பார்க்கவேண்டுமானால் கோழி மாதிரித் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டுதான் பார்க்கிறார். "நேரா பாத்தா நீ இல்ல. பக்கத்துல பாத்தா இருக்கே" என்று பக்கத்து வீட்டிலிருக்கும் என்னிடம் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆல்டா சிரிக்கவில்லை. ஹார்ம் உள்ளே போனதும் வேலியோரம் வந்து, "கண்ணு போச்சுன்னு சொன்னப்ப மனுஷன் அழல. சாவியக் குடுத்தான் பாரு, அன்னிக்குச் சாப்பிடல. இந்த வருஷம் போகலேன்னு வச்சுக்கோ, ஜன்னல் பக்கத்துல இருக்கே அந்த நாக்காலி, அதுலயே உக்காந்துடுவான். அப்புறம் என்னால எழுப்ப முடியாது" என்றார். அந்த நாற்காலியை நானும் பார்த்திருக்கிறேன். 

ஆகவே இந்த வருடம் ஓட்டுவது ஆல்டா. வழிகாட்டுவது ஹார்ம். வாசலுக்குள் பின்னோக்கி விட்ட முதல் நாள், அவர் தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்துக் கையை வீச, ஆல்டா கண்ணாடியில் அதைப் பார்த்து எதிர்ப்பக்கம் திருப்ப, மூலைவீட்டு யெல்லேயின் செம்பருத்திச் செடி போய்ச் சேர்ந்தது.

யெல்லேயைப் பற்றி ஒரு வரி சொல்லவேண்டும். நல்ல மனிதர்தான். ஆனால் அந்தக் கேரவன்மேல் அவருக்கு ஒரு கண். கேரவன் வாசலில் நிற்கிற நாளெல்லாம் காலையில் கோப்பையோடு வந்து, அதன் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "எப்ப விக்கிறே, ஹார்ம்?" என்று கேட்டுவிட்டுப் போவார். செம்பருத்திக்குப் பிறகு ஒருநாளைக்கு இரண்டு தடவை வந்தார்.

ஹார்ம் ஒரு முடிவுக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை பிரான்ஸுக்குப் புறப்பாடு. அதற்குமுன் ஞாயிற்றுக்கிழமை, புறப்படுகிற மாதிரியே எல்லாம் ஏற்றி, நெடுஞ்சாலையில் போய்த் திரும்பி வரவேண்டும். "ஒரு தடவை வாலை ஆட்டினாலும் சரி, யெல்லேகிட்ட சாவியக் குடுத்துடுவேன். ரயில் இருக்கவே இருக்கு" என்றார்.   ஆல்டா என்னைப் பார்த்து, "நீயும் வரே. பின் சீட்டுல உக்காரு. இவன் கத்தினா வாயப் பொத்து" என்றார்.

ஞாயிறு காலை மூக்கை நிறுத்து, அறுபது என்று கண்டு, கொக்கியை மாட்டி, பத்து மணிக் காபியும் ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட்டும் ஆனபின் கிளம்பினோம். ஆல்டா கொக்கியைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார். சங்கிலியை ஆட்டிப் பார்த்தார். வாசலில் நின்ற என்னைப் பின்விளக்குகளைப் பார்க்கச் சொன்னார். "இடது... வலது... பிரேக்... எரியுதா? சத்தமா சொல்லு!" என்றார். எல்லாம் எரிந்தன. கேரவன் காரைவிட அகலம் என்பதால் இரண்டு பக்கமும் நீட்டிவைத்த கண்ணாடிகள் கரப்பான் மீசை மாதிரி துருத்திக்கொண்டு நின்றன. யெல்லே வாசலில் நின்று கையாட்டினார். வழியனுப்புகிறாரா, கேரவனுக்கு விலை போட்டுப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை.

ஹார்மின் வலது கை, ஏறின நொடியிலேயே ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடிக்குப் போய்விட்டது. வலது கால் தரையை அழுத்த ஆரம்பித்தது. அந்தப் பக்கம் பிரேக் கிடையாது. இருந்தாலும் வசந்தத்திலிருந்து அவர் அதை மிதித்துக்கொண்டேதான் வருகிறார். கால்மிதியில் அந்த இடம் மட்டும் வழுவழுவென்று ஆகிவிட்டது.

"முன்னாடி ஒரு வண்டி" என்றார்.

"தெரியுது."

"எடம் விடு."

"ரெண்டு மடங்கு விட்டிருக்கேன். நடுவுல ஒரு மாடு படுத்துக்கலாம்."

"வளைவு."

"ஹார்ம், அது போன வருஷம் மட்டும் இல்ல, போன நூற்றாண்டுலேயும் அங்கதான் இருந்துச்சு."

நன்றாகத்தான் ஓட்டினார். பிரேக்கை நேரத்தோடு, மெல்ல. திருப்பத்தில் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பிறகு திரும்பல், உள்பக்கச் சக்கரம் நடைபாதையில் ஏறாதபடி. நெடுஞ்சாலையில் ஏறி, தொண்ணூறைத் தொட்டு, அதோடு நிறுத்திக்கொண்டார். இரண்டு பக்கமும் வெறும் புல்வெளி. பக்கவாட்டில் காற்று. மாடுகள் எல்லாம் ஒரே திசையில் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றன. ஹார்மின் கை கைப்பிடியில் கொஞ்சம் தளர்ந்ததைப் பார்த்து, எனக்கும் வெளியே பார்க்கத் தோன்றியது.

அப்போதுதான் அந்த டூரிஸ்ட் பஸ் எங்களைத் தாண்டியது.

பஸ்ஸின் முகம் பக்கத்தில் வந்ததும் கேரவன் சற்று அந்தப் பக்கம் சாய்ந்தது. பஸ் போனதும் இந்தப் பக்கம் வந்தது. அதோடு நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை. மறுபடி அந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம் அதிகமாக. மறுபடி இந்தப் பக்கம். யாரோ பின்னால் நின்றுகொண்டு எங்கள் காரின் இடுப்பைப் பிடித்து ஆட்டுகிற மாதிரி இருந்தது. நீட்டுக் கண்ணாடியில் கேரவனின் முழு விலாவும் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது.  ஹார்ம் தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் கண்ணாடியைப் பார்த்தார். அவருடைய கால் தரையைப் பொத்துக்கொண்டு ரோட்டுக்கே போய்விடும் போலிருந்தது. 

ஆல்டா ஸ்டியரிங்கை ஒடிக்கவில்லை. பதறிப்போய் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புகிறவர்கள்தான் வயலில் கிடப்பார்கள் என்று எங்கள் தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். சொன்னதைச் செய்யவேண்டிய நேரம் இப்போது வந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தார். "நேரா... நேரா... நேரா..." என்று தன் கைகளுக்கே சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ஆல்டாவின் காது மடல் சிவந்திருந்தது. வேகம் எண்பதுக்கு இறங்கியது. எழுபது. கேரவனின் ஆட்டம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்து, கடைசியில் ஒன்றுமே நடக்காத மாதிரி எங்கள் பின்னாலேயே சாதுவாக வந்தது.

அடுத்த இளைப்பாறும் இடத்தில் ஒதுங்கினோம். எஞ்சின் அணைந்தது. யாரும் இறங்கவில்லை.

"ஆடிச்சு" என்றார் ஹார்ம்.

"ஆடிச்சு" என்றார் ஆல்டா. அவருடைய கை இன்னும் ஸ்டியரிங்கிலேயே இருந்தது.  "யெல்லேகிட்ட நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

ஹார்ம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.  ஆல்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டு இறங்கி, காரின் பின் கதவைத் திறந்து, எடை மெஷினையும் துடைப்பக் கட்டையையும் எடுத்தார். விற்பதானாலும் எதனால் ஆடியது என்று தெரியாமல் விற்கிற மனுஷி இல்லை அவர். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கொக்கியைக் கழற்றி, கேரவனின் மூக்கைக் கட்டையின்மேல் இறக்கினார். ஞாயிற்றுக்கிழமை உடையோடு தரையில் குப்புறப் படுத்தார். பக்கத்தில் ஆப்பிள் தின்றுகொண்டிருந்த லாரி டிரைவர் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"முப்பத்தெட்டு" என்று தரையிலிருந்து குரல் வந்தது.  "முப்பத்தெட்டா? காலைல அறுபது! ரோட்டுல எதாவது வுழுந்துச்சா?"

ஒன்றும் விழவில்லை. மூக்கு லேசானால் வால் கனத்திருக்கிறது என்று பொருள். ஆல்டா எழுந்தார். ஹார்மைப் பார்த்தார். ஹார்ம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதுவும் ஓரக்கண்ணால்.

"ஹார்ம்."

"ம்."

"என்ன வச்சே?"

"எங்க?"

ஆல்டா கேரவனுக்குள் ஏறினார். பின்பக்க இருக்கையின் இடதுபக்கப் பலகையைத் தூக்கினார். தலையணைக்கு அடியில், போர்வை போர்த்தித் தூங்க வைத்தமாதிரி, ஒரு மூட்டை. இருபது கிலோ. மாவு மாவாக உதிர்கிற ஜாதிக் கிழங்கு.

"நான் காபி கலக்குறப்பவா?"

"நீ பிஸ்கட் தேடிக்கிட்டிருந்தே" என்றார் ஹார்ம்.

அதற்குப்பின் ஆல்டா பேசியதை முழுக்க எழுத இடம் போதாது. பொண்டாட்டி உயிரா கிழங்கா என்று தொடங்கி, ஹார்மின் அம்மா, அவருடைய சைக்கிள், பிரெஞ்சு விவசாயம் எல்லாவற்றையும் தொட்டு வந்தார். லாரி டிரைவர் இரண்டாவது ஆப்பிளை எடுத்தார். ஹார்ம் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டே மெல்லப் படியேறி உள்ளே வந்தார். நின்றார். மூக்கை உயர்த்தி மோந்தார்.

"இங்க என்னவோ மணக்குது" என்றார்.

ஆல்டாவின் பேச்சு பாதியில் நின்றது.

ஹார்ம் வலதுபக்கப் பலகையைத் தடவித் தூக்கினார். கூடாரத் துணிச் சுருணையை விலக்கினார். பழுத்த மஞ்சளில், முழுசாக, ஒரு வெட்டுக்கூட விழாத ஒரு சீஸ் சக்கரம். பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. ஆல்டாவின் முகத்தில் ஈயாடவில்லை.

ஹார்ம் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, சந்தையில் ஆல்டா வைத்துக்கொள்கிற அதே அப்பாவி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்: "கொஞ்சம் கூடப் போச்சு, பரவாயில்லையா?"

"பிரான்ஸ்ல எல்லாரும் கேப்பாங்க ஹார்ம்" என்றார் ஆல்டா. "பக்கத்துக் கூடாரத்து பெல்ஜியம்காரி, அந்த ஜெர்மன் டீச்சர், எல்லாரும். வருஷா வருஷம் துண்டு துண்டா கொண்டுபோறேன், ரெண்டு நாள்ல தீந்துடுது. இது ஒருவேளை... இது கடைசியோ என்னவோன்னு தோணிச்சு. உன் கிழங்க வேணாம்னு சொல்லிட்டு இத உன் கண்ணு முன்னாடி எப்படி ஏத்துறது? நீ கொக்கியத் தொடச்சிக்கிட்டிருந்தே, அப்ப வச்சேன்."

காலையில் அறுபது என்று நிறுத்தபிறகு, ஒருவர் கண்ணில் ஒருவர் மண்ணைத் தூவிவிட்டு, ஆளுக்கொரு பக்கமாக வாலில் ஏற்றியிருக்கிறார்கள். முதலில் சிரித்தது ஹார்ம்தான். கேரவன் குலுங்கியது. வசந்தத்திலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. ஆல்டா மடியில் சீஸை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யெல்லேயிடம் யார் சொல்வது என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பது எனக்கும் ஞாபகம் வந்தது.

சாமான் இடம் மாறியது. சீஸ் காருக்குள், பின் சீட்டில் என் பக்கத்தில். ஆல்டா அதற்கும் பெல்ட் போட்டார். கிழங்கு மூட்டைக்கு இடமில்லை. ஹார்ம் அதைத் தூக்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டார், வழுவழுப்பான அந்த இடத்துக்கு நேர் மேலே. மூக்கை மறுபடி நிறுத்தோம். "அறுபது" என்றது தரை. லாரி டிரைவர் கை தட்டினார். ஆல்டா கொக்கியை மாட்டி, இழுத்துப் பார்த்து, சங்கிலியை ஆட்டிப் பார்த்தார். அதற்குள் ஹார்ம் கேரவனுக்குள் போய் எதையோ துழாவிவிட்டு, ஒரு சின்னப் பாத்திரத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்ல. போ" என்றார்.

திரும்பி நெடுஞ்சாலையில் ஏறினோம்.  ஆல்டா தொண்ணூறுக்குப் போகத் துணிவில்லாமல் எண்பத்தைந்தில் போனார். நீட்டுக் கண்ணாடியில் ஒரு பஸ் தெரிந்தது. காலையில் வந்த அதே மாதிரி உயரமான பஸ். நான் சீஸைப் பிடித்துக்கொண்டேன். ஆல்டாவின் விரல்கள் ஸ்டியரிங்கில் இறுகின. பஸ் பக்கத்தில் வந்தது. கேரவன் ஒரு விரற்கடை அந்தப் பக்கம் சாய்ந்தது. பஸ் போனதும் நிமிர்ந்து நின்றது.

நான் ஹார்மைப் பார்த்தேன். ஜன்னலுக்கு மேலே கைப்பிடி காலியாக ஆடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் மூட்டையின்மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, மடியில் பாத்திரத்தை வைத்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக அவர் முழங்காலில் இறங்கியது. பஸ் போனதை அவர் கவனிக்கவில்லை. சீவிய கிழங்கை விரலால் தடவிப் பார்த்துப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, மூட்டைக்குள் கைவிட்டு அடுத்ததை எடுத்தார்.